ஓவனில் சுடும் காய்கறிகள் பொன்முறுவலாகாமல் துவண்டுபோவது ஏன்?

மாலைச்சமையல் (கேள்வி):

வணக்கம். காய்கறிகளை ஓவனில் சுட்டு, உணவுக்குத் துணைக்கறியாகப் பரிமாறும் முயற்சியில் ஒரு மாதமாக ஈடுபட்டிருக்கிறேன். இதுவரை நான்கு முறை செய்துவிட்டேன். நான்கு முறையும் ஏமாற்றமே மிஞ்சியது. ஓரங்கள் பொன்முறுவலாகச் சிவந்து, உள்ளே பதமாக வெந்து, கடிக்கும்போது லேசான இனிப்பும் சுட்ட மணமும் சேர்ந்து வர வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு. எனக்குக் கிடைப்பதோ, வேகவைத்து நீரை வடிக்க மறந்துவிட்டதைப் போன்ற வெளுத்த, துவண்ட காய்கள்.

நான் செய்யும் முறையை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். தவறு எங்கே என்று காட்டுவது உங்களுக்கு எளிதாக இருக்கும். கேரட், உருளைக்கிழங்கு, காலிஃபிளவர், குடைமிளகாய், வெங்காயம் ஆகிய எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் கிலோ வரும்படி எடுத்துக்கொள்கிறேன். கழுவிய கையோடு அனைத்தையும் ஒரே அளவில், 2 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், பொடியாக நறுக்கிய பூண்டு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசறி, சாரம் இறங்கட்டும் என்று அரை மணி நேரம் ஊறவைக்கிறேன். பிறகு, உயரமான விளிம்புள்ள ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் மொத்தத்தையும் கொட்டி, 180 டிகிரி செல்சியஸில் 45 நிமிடம் சுடுகிறேன். எண்ணெய் குறைவாக இருப்பது உடலுக்கு நல்லது என்று கருதியே ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நடுவில் கிளறுவதற்காகக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் என் மூக்குக்கண்ணாடி முழுவதும் ஆவி படிந்து எதுவும் தெரிவதில்லை. இறக்கும்போது பாத்திரத்தின் அடியில் நீர் தேங்கி நிற்கிறது. குடைமிளகாய் குழைந்துவிடுகிறது, உருளைக்கிழங்கின் நடுப்பகுதி அப்போதும் நறுக்கென்று கடிபடுகிறது, மேலே ஒட்டியிருக்கும் பூண்டுத் துணுக்குகள் மட்டும் கருகிக் கசக்கின்றன. நான்காம் முறை, நேரத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று எண்ணி ஒன்றேகால் மணி நேரம் விட்டுவைத்தேன். நிறம் ஓரளவு வந்தது. ஆனால் கேரட் சுருங்கித் தோல்வார்போல இழுபட்டது. மாற்ற வேண்டியது நேரத்தையா, வெப்பத்தையா, எண்ணெயையா என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிதானப்பாகம்:

உங்கள் மூக்குக்கண்ணாடியில் படிந்த ஆவியிலேயே விடை இருக்கிறது. நீங்கள் காய்களைச் சுடவில்லை. அவற்றின் சொந்த நீரிலேயே அவித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

காலிஃபிளவரிலும் குடைமிளகாயிலும் நூற்றுக்கு 92 பங்கு அளவில் நீர் இருக்கிறது. கேரட்டிலும் வெங்காயத்திலும் 88, 89 பங்கு. கெட்டியானது என்று நாம் நினைக்கும் உருளைக்கிழங்கிலேயே ஏறத்தாழ 79 பங்கு. உங்கள் ஒன்றேகால் கிலோவுக்குள் ஒரு லிட்டர் அளவுக்கு நீர் ஒளிந்திருக்கிறது. ஒரு துண்டின் மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை, ஓவனை எத்தனை டிகிரியில் வைத்தாலும், அந்தப் பரப்பு 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகாது. வந்து சேரும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே கரைந்துவிடும். அது சிறிய செலவும் அன்று. ஒரு கிராம் நீரை அறைச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 310 ஜூல் வெப்பம் போதும். கொதித்துக்கொண்டிருக்கும் அதே ஒரு கிராமை ஆவியாக மாற்ற ஏறத்தாழ 2,260 ஜூல், அதாவது ஏழு மடங்கு வேண்டும்.

நாம் விரும்பும் நிறமும் மணமும் சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் சூட்டில் வினைபுரிவதால் உண்டாகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமீய் மயார் 1912-இல் இதை விவரித்ததால் இதற்கு மயார் வினை என்று பெயர். இந்த வினை 140 டிகிரிக்கு மேல்தான் விறுவிறுப்பாக நடக்கும். ஆகவே 100-இலிருந்து 140-ஐ எட்டுவதற்கு மேற்பரப்பு உலர்ந்தாக வேண்டும், ஆனால் உள்ளே இருக்கும் நீர் பெரும்பாலும் உள்ளேயே இருக்க வேண்டும். உள்நீரும் போய்விட்டால் உங்கள் நான்காம் முறைக் கேரட்டுக்கு நேர்ந்ததுதான் நேரும். குறைந்த சூட்டில் நெடுநேரம் வைப்பது இரண்டையும் சேர்த்தே உலர்த்திவிடுவதால், நேரத்தைக் கூட்டுவது தீர்வாகாது.

முதலில் அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தை ஒதுக்கிவையுங்கள். வெப்பத்தைக் கடத்துவதில் கண்ணாடி உலோகத்துக்கு ஈடாகாது. போதாக்குறைக்கு அதன் உயரமான சுவர், எழும் ஆவியைக் காய்களின் மேலேயே தேக்கிவைக்கிறது. தாழ்ந்த விளிம்புள்ள, அகன்ற, கனமான உலோகத் தட்டே ஏற்றது. பளபளக்கும் தட்டைவிடக் கருநிறத் தட்டு வெப்பத்தை அதிகம் உள்வாங்குவதால் அடிப்பக்கம் விரைவில் சிவக்கும். ஒன்றேகால் கிலோவுக்கு ஒரு தட்டு போதாது, இரண்டு வேண்டும். துண்டுகள் ஒரே அடுக்காக, ஒன்றையொன்று தொடாமல், இடையில் விரல் நுழையும் அளவுக்கு இடம்விட்டுக் கிடக்க வேண்டும். பரப்பி முடித்தபின் தட்டின் தரை கண்ணுக்குத் தெரியாவிட்டால் இன்னும் நெரிசல் இருக்கிறது என்று பொருள்.

இரண்டு தட்டுகள் என்றதும் காய்களைக் கலந்து பாதிபாதியாகப் பிரிக்காமல், வேகும் இயல்பு பார்த்துப் பிரியுங்கள். உருளைக்கிழங்கும் கேரட்டும் ஒரு தட்டு. காலிஃபிளவர், வெங்காயம், குடைமிளகாய் மற்றொரு தட்டு. எல்லாவற்றையும் ஒரே அளவில் நறுக்குவது பார்வைக்கு அழகாக இருக்கலாம், சமமாக வேகாது. கெட்டியான காய்கள் 2 சென்டிமீட்டர் அளவிலேயே இருக்கட்டும். குடைமிளகாயை அதைப்போல இருமடங்கு பெரிதாக நறுக்குங்கள். வெங்காயத்தை வேர்முனை சிதையாமல் எட்டாகப் பிளந்தால் இதழ்கள் உதிராமல் சேர்ந்தே நிற்கும். 220 டிகிரியில் முதல் தட்டுக்கு 35 முதல் 45 நிமிடம், இரண்டாவதற்கு 25 முதல் 30 நிமிடம் ஆகும். முதல் தட்டை உள்ளே வைத்துக் கால் மணி நேரம் கழித்து இரண்டாவதை வைத்தால் இரண்டும் ஒரே வேளையில் தயாராகும்.

கழுவிய காய்களைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். காலிஃபிளவரின் பூக்களுக்கு இடையே நீர் தங்கிவிடும் என்பதால் அதைக் கவிழ்த்துச் சற்று நேரம் வைத்துவிட்டு நறுக்குங்கள். ஓவன் சூடாகும்போதே வெறும் தட்டையும் உள்ளே வைத்துவிடுவது என் வழக்கம்; எண்ணெயில் பிசறிய துண்டுகளைக் கொட்டும்போது ‘சுர்’ என்ற ஒலி கேட்டால், அடிப்பரப்பின் ஈரம் அந்த நொடியிலேயே போகத் தொடங்கிவிட்டது என்று அறியலாம்.

எண்ணெயைப் பற்றிய உங்கள் எண்ணம் புரிகிறது. ஆனாலும் இந்த இடத்தில் கஞ்சத்தனம் உதவாது. நறுக்கிய காயின் முகம் சமமாகத் தெரிந்தாலும் உண்மையில் மேடும் பள்ளமுமானது. அது தட்டைச் சில புள்ளிகளில்தான் தொட்டுக்கொண்டிருக்கும், மீதி இடமெல்லாம் காற்று. அந்தக் காற்றின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொள்ளும்போதுதான் தட்டின் சூடு முகம் முழுவதும் பரவுகிறது. ஒரு கிலோவுக்கு மூன்று மேசைக்கரண்டி, அதாவது 45 மில்லி சேருங்கள். துண்டுகள் எல்லாப் பக்கமும் மினுங்க வேண்டும், ஆனால் கிண்ணத்தின் அடியில் எண்ணெய் தேங்கக் கூடாது. நால்வர் பகிர்ந்துண்ணும்போது அது ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவுதான்.

வெட்டிய முகம் கீழே இருக்கும்படி அடுக்கிய பிறகு, முதல் இருபது நிமிடம் கதவைத் திறக்காதீர்கள், கிளறவும் செய்யாதீர்கள். பிறகு தட்டையான கரண்டியை ஒரு துண்டின் கீழே செலுத்திப் பாருங்கள். அது வர மறுத்தால் இழுக்க வேண்டாம், இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள். சிவந்து முடித்த துண்டு பெரும்பாலும் தானாகவே தட்டை விட்டுவிடும்.

உப்புக்கல்:

நிதானப்பாகம் எழுதியதில் ஒன்றைத் தவிர மற்ற அனைத்தையும் ஏற்கிறேன். காய்ந்த தட்டில் கொட்டும் உத்தி கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு உரியது. 220 டிகிரியில் இருக்கும் தட்டை வெளியே எடுத்து, துண்டுகளை ஒவ்வொன்றாக முகம் கீழே இருக்கும்படி அடுக்குவதற்குள் தட்டு பாதி ஆறிவிடும். ஆறுவதற்குள் முடிக்கலாம் என்று அவசரமாகக் கொட்டினால் குவியலாகிவிடும், அதுதான் அவரே எச்சரித்த நெரிசல். என் மணிக்கட்டில் இருக்கும் தழும்பும் அப்படி ஒரு மாலையில் கிடைத்ததே. குளிர்ந்த தட்டில் பொறுமையாக அடுக்கி, ஓவனின் கீழ்த்தளத்தில் வையுங்கள். ஐந்து நிமிடம் கூடுதலாகலாம், அவ்வளவே.

நான் எழுத வந்தது அந்த அரை மணி நேர ஊறலைப் பற்றி. உப்பு பட்டவுடன் காயின் உயிரணுக்களுக்குள் இருக்கும் நீர் சவ்வைக் கடந்து வெளியே வரத் தொடங்கும். அரை மணி நேரத்தில் துண்டுகள் வியர்த்து நிற்கும். நீங்கள் ‘சாரம் இறங்குகிறது’ என்று நினைத்த நேரத்தில் உண்மையில் சாரம் வெளியேறிக்கொண்டிருந்தது. துடைத்து உலர்த்திய காயை நீங்களே மறுபடியும் நனைப்பதற்கு ஒப்பானது இது. எண்ணெயை முதலில் பிசறி, தட்டில் பரப்பிய பிறகு, ஓவனுக்குள் வைப்பதற்குச் சற்று முன்பு உப்பைத் தூவுங்கள். ஒரு கிலோவுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி பொடியுப்பு போதும். கத்திரிக்காய், சுகினி போன்ற நீர் மிகுந்த காய்களுக்கு மட்டும் இதே இயல்பை நமக்குச் சாதகமாகத் திருப்பலாம்: நறுக்கி உப்பிட்டு அரை மணி நேரம் வடிதட்டில் வைத்து, கசிந்த நீரை அழுத்தித் துடைத்துவிட்டு, பிறகு எண்ணெய் தடவிச் சுட்டால் அவை சொதசொதவென்று ஆவதில்லை.

அடுத்தது பூண்டும் மிளகாய்த்தூளும். பொடியாக நறுக்கிய பூண்டில் நீர் குறைவு, சர்க்கரை மிகுதி, உருவமும் சிறிது. காய் சிவக்கத் தொடங்கும் முன்பே அது கருகிவிடும். அரைத்த தூள்களுக்கும் அதே கதிதான். சுடும் முறையில் எதைச் சேர்ப்பது என்பதைக் காட்டிலும் எப்போது சேர்ப்பது என்பதே சுவையைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. மிளகு, சீரகம், தனியா ஆகியவற்றை ஒன்றிரண்டாக இடித்து எண்ணெயோடு முதலிலேயே பிசறலாம். பெரும்பெரும் துகள்களாக இருப்பதால் தாங்கும். ரோஸ்மேரி, தைம் போன்ற விறைப்பான இலைகளும் தாங்கும். மிளகாய்த்தூளைக் கடைசிப் பத்து நிமிடத்தில் சிறிது எண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். தேன் சேர்க்க விரும்பினால் கடைசி ஐந்து நிமிடம்தான், அதற்கு முன்பு வேண்டவே வேண்டாம். கொத்தமல்லி, துளசி வகை மென்தழைகளை இறக்கிய பிறகுதான் தூவ வேண்டும்.

பூண்டுக்கு இரண்டு வழிகள் உண்டு. உரிக்காத பற்களைத் தோலோடு தட்டில் போட்டுவிட்டால், தோல் கவசமாக நின்று, உள்ளே வெண்ணெய்போல வெந்து இனித்திருக்கும். பிறகு பிதுக்கிக் காய்களோடு கலந்துகொள்ளலாம். நான் பெரிதும் விரும்பும் வழி மற்றொன்று: ஒரு பல் பூண்டை எலுமிச்சைச் சாற்றுக்குள்ளேயே துருவிப் பத்து நிமிடம் வைத்துவிடுவது. பச்சைப் பூண்டின் காட்டத்தை உண்டாக்கும் நொதியைப் புளிப்பு தடுத்துவிடுவதால், மணம் நிற்கும், நெடி அடங்கிவிடும். அந்தச் சாற்றில் இரண்டு கரண்டி நல்ல எண்ணெயையும் சிட்டிகை உப்பையும் அடித்துச் சேர்த்து, சுடச்சுட இருக்கும் காய்களின்மேல் ஊற்றிப் புரட்டுங்கள். சுட்ட காயில் இனிப்பும் கருக்கலின் மெல்லிய கசப்பும் மிகுந்திருக்கும். அவற்றுக்கு எதிரில் நிற்க ஒரு புளிப்பு வேண்டும். ‘மணமாக இருக்கிறது, ஆனால் ஏதோ குறைகிறது’ என்று சொல்லப்படும் தட்டுகளில் பெரும்பாலும் குறைவது இந்தப் புளிப்புதான். ப்ரோக்கோலி போன்ற பச்சைக் காய்களாக இருந்தால் உண்ணும் நேரத்தில்தான் பிழிய வேண்டும்; புளிப்பு பட்டுச் சற்று நேரம் ஆனால் பச்சை நிறம் மங்கி மஞ்சள் கலந்த பழுப்பாகிவிடும்.

அளவுகோல்:

மேலே இருவரும் சொன்ன 220 டிகிரி உங்கள் ஓவனுக்குள் உண்மையிலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வீட்டு ஓவன்களில் குமிழ் காட்டும் எண்ணுக்கும் உள்ளே நிலவும் வெப்பத்துக்கும் இடையே 10, 20 டிகிரி வேறுபாடு இருப்பது சாதாரணம். கம்பித் தளத்தில் நிறுத்திவைக்கும் சிறிய ஓவன் வெப்பமானி ஒன்று வாங்கி, குமிழை 220-இல் வைத்து அரை மணி நேரம் கழித்துப் பார்த்தேன்; என்னுடையது 196 காட்டியது. அதற்கு முன்பு இரண்டு ஆண்டுகள் நான் குறை சொன்னதெல்லாம் காய்களை.

விளக்கு அணைந்துவிட்டது அல்லது மணி அடித்துவிட்டது என்பதற்காக உடனே தட்டை உள்ளே வைக்க வேண்டாம். அப்போது சூடாகியிருப்பது காற்று மட்டுமே. சுவர்கள் சூடாக இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். கதவைத் திறந்தவுடன் காற்றின் சூடு போய்விடும், சுவர்களின் சூடுதான் அதை ஈடுசெய்யும்.

விசிறி உள்ள ஓவனாக இருந்தால் இந்த வேலைக்கு விசிறியைப் போடுங்கள். காய்களைச் சுற்றி நிற்கும் ஆவியை அது அடித்துக்கொண்டு போய்விடும். அப்போது 220-க்குப் பதில் 200 போதும். விசிறி இல்லாமல் இரண்டு தட்டுகளை மேலும் கீழுமாக வைத்தால், பாதி நேரத்தில் இடம் மாற்ற வேண்டும். இல்லையெனில் மேல்தட்டின் தலையும் கீழ்த்தட்டின் அடியும் மட்டுமே சிவக்கும். செய்முறைகளில் 425 என்று எழுதியிருப்பது பாரன்ஹீட் கணக்கு. அது ஏறத்தாழ 218 செல்சியஸ். பார்ச்மென்ட் தாள் விரித்தால் கழுவும் வேலை குறையும், அடிமுறுவலும் சற்றுக் குறையும். எது வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தத் தாளின் உறையில் அது எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள், அதையும் பார்த்துவிடுங்கள்.

மாலைச்சமையல்:

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை இரண்டு தட்டுகளில், விசிறியோடு 200 டிகிரியில் செய்து பார்த்தேன். உப்புக்கல் சொன்னபடி குளிர்ந்த தட்டில்தான் அடுக்கினேன். தழும்பு என்ற சொல்லைப் படித்த பிறகு ‘சுர்’ ஒலியின்மேல் இருந்த ஆசை போய்விட்டது. காலிஃபிளவரைத் திருப்பிப் பார்த்தபோது, தட்டில் படிந்திருந்த முகம் முழுவதும் ஒரே சீராகச் சிவந்திருந்தது. வெங்காயத்தின் வெளியிதழ்கள் நுனியில் மட்டும் கருகி, நடுவில் பாகுபோல இருந்தன. மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது, ஆனால் ஒரு நொடியில் விலகிவிட்டது. எலுமிச்சையும் பூண்டும் கலந்த சாற்றை ஊற்றியபோது எழுந்த மணத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

சிக்கல் முதல் தட்டில். கேரட் நன்றாக வந்தது. உருளைக்கிழங்கோ இருபத்தைந்து நிமிடத்திலேயே அடர்பழுப்பாகிவிட்டது. அதிலும் ஒரு சீர் இல்லை, ஒரு பக்கம் கருத்தும் மறுபக்கம் வெளுத்தும் இருந்தது. வெளிப்புறம் அவ்வளவு நிறமாகியும் மொறுமொறுப்பு இல்லை. சுவையில் ஒரு பொருந்தாத இனிப்பும் கூடவே கசப்பும் இருந்தன. வாங்கி மூன்று வாரமாகிறது, அழுகிவிடக் கூடாது என்று குளிர்சாதனப் பெட்டியில்தான் வைத்திருந்தேன். கெட்டுப்போய்விட்டதா?

நிதானப்பாகம்:

கெடவில்லை, இனித்துவிட்டது. மிகுந்த குளிரில் வைத்த உருளைக்கிழங்கு தன் மாவுச்சத்தின் ஒரு பகுதியைக் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் மாற்றிக்கொள்ளும். மயார் வினைக்கு வேண்டிய சர்க்கரைகள் இவைதாம். அவை மிகுந்துவிட்டதால் கிழங்கு வேகும் முன்பே நிறம் ஓடிப்போய் நிற்கிறது. அடுத்த முறை, குளிர்ந்த ஆனால் பெட்டிக்குள் அல்லாத, வெளிச்சம் படாத, காற்றோட்டமான இடத்தில் வைத்த கிழங்கைப் பயன்படுத்துங்கள். பெட்டியில் மீதி இருப்பதை வெளியே எடுத்து ஓரிரு வாரம் வைத்தால் சர்க்கரை ஓரளவு குறையும்.

இதில் சுவையைத் தாண்டி இன்னொரு காரணமும் உண்டு. மாவுச்சத்துள்ள உணவுகளை 120 டிகிரிக்கு மேல் சுடும்போதோ பொரிக்கும்போதோ, அஸ்பாரஜீன் என்ற அமினோ அமிலமும் இந்தச் சர்க்கரைகளும் சேர்ந்து அக்ரிலமைடு என்ற விரும்பத்தகாத பொருளை உண்டாக்குவது 2002-இல் ஸ்வீடனில் செய்யப்பட்ட ஆய்வுகளால் தெரியவந்தது. சர்க்கரை கூடினால் அதுவும் கூடும், நிறம் கருக்கக் கருக்க அதுவும் பெருகும். ஆகவே உருளைக்கிழங்கைப் பொன்னிறத்தோடு நிறுத்திவிடுங்கள். அடர்பழுப்புக்கு ஆசைப்பட வேண்டாம். காலிஃபிளவருக்கும் வெங்காயத்துக்கும் நான் அனுமதிக்கும் கருக்கலை இதற்கு அனுமதிப்பதில்லை.

மொறுமொறுப்புக்கு வேறு வழி இருக்கிறது. இரண்டு லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து, உப்போடு அரைத் தேக்கரண்டி சமையல் சோடா சேர்த்து, பெரிய துண்டுகளாக நறுக்கிய கிழங்கைப் பத்து நிமிடம் வேகவிடுங்கள். உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டின் காரத்தன்மையுள்ள நீரில் விரைவாகச் சிதைவதால், துண்டின் வெளிப்புறம் மட்டும் குழையத் தொடங்கும். நீரை வடித்து, அதே பாத்திரத்தில் ஒரு நிமிடம் ஆவி போகவிட்டு, எண்ணெய் ஊற்றி மூடிப் பலமாகக் குலுக்குங்கள். திறந்து பார்த்தால் ஓரங்கள் தேய்ந்து, ஒவ்வொரு துண்டின்மேலும் மசித்த கிழங்கும் எண்ணெயும் கலந்த பசைபோன்ற ஒரு பூச்சு இருக்கும். அந்தப் பூச்சுதான் ஓவனில் காய்ந்து மொறுமொறுக்கும் ஓடாகிறது. சோடாவை அரைத் தேக்கரண்டிக்கு மேல் கூட்டினால் சோப்பின் வாடை வரும். ஒருமுறை தாராளமாகப் போட்டு முழுத் தட்டையும் கொட்டியிருக்கிறேன்.

புளிப்பு இதற்கு நேரெதிராக வேலை செய்யும். எலுமிச்சையையோ வினிகரையோ சுடுவதற்கு முன்பு சேர்த்தால் பெக்டின் இறுகி, காய் வேக மறுக்கும். உப்புக்கல் புளிப்பைக் கடைசிக்கு ஒதுக்கியதற்கு இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

உருளைக்கிழங்கின் இடத்தில் சர்க்கரைவள்ளிக்கிழங்கைப் போட எண்ணினால் நான் இதுவரை சொன்னதில் ஒன்று மாறும். அதிலுள்ள நொதி 60 முதல் 75 டிகிரி வரையிலான சூட்டில் மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றும். அந்த எல்லையைக் கிழங்கு மெதுவாகக் கடந்தால்தான் நன்றாக இனிக்கும். அதை மட்டும் சூடாகாத ஓவனில் வைத்துச் சூட்டை ஏற்றிக்கொண்டு போகலாம்.

மாலைச்சமையல்:

விளங்கியது. ஒரே ஒரு ஐயம் மிச்சம். நேற்று உணவு நேரம் அரை மணி தள்ளிப்போனதால், சூடு ஆறாமல் இருக்கட்டும் என்று காலிஃபிளவர்த் தட்டை மூடிவைத்தேன். திறந்தபோது ஓரங்கள் மீண்டும் துவண்டிருந்தன. முன்கூட்டியே செய்துவைக்கவே முடியாதா?

உப்புக்கல்:

மூடியின் உட்புறத்தைத் தடவிப் பார்த்திருந்தால் கை நனைந்திருக்கும். காய்களின் உள்ளே இருக்கும் நீர் இறக்கிய பிறகும் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். மூடினால் அது வெளியேறாமல் காயின்மேலேயே மறுபடியும் படியும். பத்து நிமிடத் தாமதம் என்றால் ஓவனை அணைத்து, கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகிச் சற்றுத் திறந்தபடி தட்டை உள்ளேயே விட்டுவிடுங்கள். நெடுநேரம் ஆகும் என்றால் முழுவதும் ஆறவிட்டு, எலுமிச்சைச் சாற்றைச் சேர்க்காமல் வைத்திருந்து, பரிமாறுவதற்கு முன்பு 220 டிகிரியில் ஆறேழு நிமிடம் மீண்டும் சுட்டுக்கொள்ளுங்கள். மைக்ரோவேவில் மட்டும் வைக்க வேண்டாம். அது உள்நீரைச் சூடாக்கி வெளியே தள்ளுமே தவிர, வெளியே வந்ததை உலர்த்தாது.